பெயர் வெட்டிய சம்படம்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் சம்படம் இருக்கிறது. அரைப்படி பிடிக்கும். மூடியிலும் பக்கவாட்டிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. அது எங்கள் வீட்டுப் பெயர் இல்லை. போன பொங்கலுக்கு மறுநாள் சர்க்கரைப் பொங்கலோடு எங்கள் வீட்டுக்கு வந்த பாத்திரம் அது. உள்ளே இருந்தது அன்றைக்கே தீர்ந்துபோனது. பாத்திரம் மட்டும் ஒன்பது மாதமாகத் திரும்பிப் போகாமல் இருக்கிறது.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பாத்திரக் கடையில் எது வாங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும்: "பேரு வெட்டணுமா?" வெட்டுகிறவர் கடை வாசலிலேயே ஒரு சின்ன மிஷினோடு உட்கார்ந்திருப்பார். டர்ரென்ற சத்தம், அரை நிமிஷம், பெயர் விழுந்துவிடும். என் சின்ன வயதில் அதையே உளியும் சுத்தியும் வைத்துத் தட்டித் தட்டிச் செய்வார்கள். பாத்திரம் திருட்டுப் போகாமல் இருக்கத்தான் பெயர் வெட்டுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, பாத்திரம் வீட்டை விட்டு வெளியே போகும் என்பதால்தான் அந்தப் பெயர். தீபாவளிக்குப் போகும், நோன்புக்குப் போகும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகும். போன பாத்திரம் வீடு கண்டு திரும்பி வரவேண்டும்.

பண்டிகைப் பலகாரம் என்றால் பலருக்கு நாக்கில் ருசி ஊறும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சம்படங்களும் தூக்குவாளிகளும்தான். எங்கள் வீட்டில் மொத்தம் ஏழு பேர். தீபாவளிக்கு அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, சுட்டது இருநூறு அதிரசத்துக்குக் குறையாது.

குடமுருட்டி ஆற்றங்கரையில், அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாயி அதிரசத்துக்கு அரிசி ஊறப்போடுகிற அன்றைக்கே எங்களுக்குத் தீபாவளி தொடங்கிவிடும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, கூடத்தில் வேட்டியை விரித்து நிழலில் உலர்த்துவார். முழுக்கக் காயக்கூடாது. கையில் எடுத்துப் பிடித்தால் ஈரம் தெரியவேண்டும், விட்டால் உதிரவேண்டும். அந்தப் பதத்தில் இடித்துச் சலித்த மாவு லேசாகச் சில்லென்று இருக்கும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அடுப்பில் பாகு கொதிக்கும்போது அப்பாயி யாரோடும் பேசமாட்டார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டு விடுவார். சொட்டு கரைந்தால் இன்னும் கொஞ்சம் கொதிக்கவேண்டும். விரலால் கூட்டினால் உருண்டு வரவேண்டும், ஆனால் உருண்டை மெத்தென்று இருக்கவேண்டும். அடுத்த அரை நிமிஷத்தில் பாகு முத்திவிடும். முத்தினால் அதிரசம் கல்லாகும், இளம்பாகாக இறக்கினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகும். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் அவ்வளவு மௌனம்.

மாவைப் பாகில் கொட்டிக் கிளறி, ஏலக்காயும் சுக்கும் போட்டு, பானைக்குள் வைத்து, வாயைத் துணியால் மூடி வேடு கட்டிவிடுவார். இரண்டு நாள், மூன்று நாள் அப்படியே இருக்கும். நாங்கள் போய் அந்தத் துணியை விலக்கி விரலால் மாவைக் கிள்ளித் தின்போம். சுட்ட அதிரசத்தைவிட அந்த மாவுக்கு ருசி அதிகம் என்று இன்றைக்கும் சொல்வேன். சுடுகிற அன்று வாழையிலையில் எண்ணெய் தடவி, எலுமிச்சை அளவு உருண்டையை விரலால் வட்டமாகத் தட்டி, எண்ணெயில் விடுவார். உப்பி மேலே வந்ததும் திருப்பி, எடுத்து, இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து. எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடியும். முதல் ஈடு சாமிக்கு. இரண்டாவது ஈட்டிலிருந்து ஊருக்கு. எங்கள் கைக்கு வரும்போது மணி பத்தாகிவிடும்.

யார் யார் வீட்டுக்கு எத்தனை என்ற கணக்கு அப்பாயி வாயில் இருக்கும். பங்காளி வீடுகளுக்கு இருபது. மேலத்தெரு வாத்தியார் வீட்டுக்குப் பதினைந்து. அந்த வருஷம் ஒரு வீட்டில் சாவு விழுந்திருந்தால் கட்டாயம் இருபத்தைந்து, ஏனென்றால் துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. இந்த ஒரு வழக்கத்துக்காகவே எனக்கு எங்கள் ஊரைப் பிடிக்கும். பண்டிகை இல்லாத வீட்டுக்குத்தான் நிறையப் பலகாரம் போய்ச் சேரும்.

கொண்டுபோகிறது பிள்ளைகள் வேலை. வாங்குகிறவர்கள் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போய்ப் பலகாரத்தை மாற்றிக்கொண்டு, வெறுமனே தராமல் எதையாவது போட்டுத் தருவார்கள். அவர்கள் வீட்டு முறுக்கு, இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரை, அதுவும் இல்லாவிட்டால் இரண்டு வாழைப்பழம். "வெறும் பாத்திரத்தைக் குடுத்து அனுப்பலாமாத்தா" என்று சொல்லிக்கொண்டே போடுவார்கள். நான் வழியிலேயே மூடியைத் திறந்து பார்த்துவிடுவேன்.

எனக்குப் பிடித்த நடை அய்யம்பேட்டை ராவுத்தர் வீட்டுக்குப் போகிறதுதான். அப்பாவும் அந்த வீட்டு மாமாவும் சேர்ந்து நெல் வியாபாரம் செய்தவர்கள். அந்த வீட்டுப் பாட்டியை நன்னி என்போம்; நன்னி சம்படத்தை வாங்கும்போதே மூடியைத் திறந்து, ஓர் அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "ஒங்க அப்பாயி கைப்பாகு இந்த வருசம் நல்லா வந்திருக்கு, போய் சொல்லு" என்பார். ரம்ஜான் மாதத்தில் பாத்திரம் எதிர்த்திசையில் நடக்கும். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து வாங்கிய நோன்புக் கஞ்சி ஒரு தூக்குவாளியில் வரும், கூடவே வெள்ளை வெளேரென்று கடப்பாசித் துண்டுகள். பெருநாளைக்கு வட்டலப்பம் வரும். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி மூன்றையும் அடித்து ஆவியில் வேகவைத்த பண்டம். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று கடற்கரை முஸ்லிம் வீடுகளில் பெருநாள் என்றால் அதுதான். கடல் வணிகத்தோடு மலாய்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். நன்னி நாகூரில் பிறந்தவர், அதனால் அந்தப் பழக்கம் அவரோடு உள்நாட்டுக்கு வந்தது. நாகூர் தர்கா கந்தூரித் திருவிழாவுக்குப் போய் வந்தால் தம்ரூட் என்ற இனிப்பும் வாங்கி வருவார். முட்டை சேர்த்த வட்டலப்பத்தை அப்பாயி தொடமாட்டார். எங்களுக்குப் பங்கு வைத்துவிட்டு, பாத்திரத்தைத் தானே கழுவித் துடைத்து, அடியில் வெல்லம் நாலு அச்சு போட்டுத் திருப்பி அனுப்புவார்.

அந்த வெல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துப் பண்டிகை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. வீரமாங்குடி, கணபதி அக்ரஹாரம் பகுதிகளில் மார்கழி பிறந்தால் கரும்பாலை ஓடத் தொடங்கும். பொங்கலுக்கு அச்சுவெல்லம் போகவேண்டும். அப்பா சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். பிழிந்த சாறு பெரிய கொப்பரையில் கொதிக்கும். காய்ந்த கரும்புச் சக்கையே விறகு. கொதி வந்ததும் அழுக்கு நுரையாக மேலே வரும், அதை வாரிக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். சாறு இறுகி, நிறம் மாறி, பாகு தடித்து வந்ததும் நாலு பேர் சேர்ந்து கொப்பரையைச் சாய்த்து மரத்தொட்டியில் ஊற்றுவார்கள். துடுப்பால் கிளறிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் அச்சுப்பலகையின் குழிகளில் அழுத்தவேண்டும். கொஞ்ச நேரத்தில் பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் வரிசையாக அச்சுகள் விழும். ஆலைக்காரர் ஒரு வாழையிலைத் துண்டில் சூடான பாகைக் கொஞ்சம் ஊற்றித் தருவார். ஊதி ஊதி நக்கித் தின்போம்.

இந்தப் புகை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையிலேயே கரும்பாலைத் தீயின் வெக்கையில் பக்கத்து வயலில் நெய்தல் பூ வாடிப்போகிற காட்சி வருகிறது. நெல்வயலும் கரும்பாலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஊர் இது. பச்சரிசியும் வெல்லமும் சேர்த்துத்தான் நம் பண்டிகைகளில் பாதி நடக்கிறது. ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசி, கார்த்திகைக்கு அப்பம், திருவாதிரைக்குக் களி, காரடையான் நோன்புக்கு அடை, பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, தைக்குப் பொங்கல், தீபாவளிக்கு அதிரசம். அதே இரண்டு பொருள்தான். ஒவ்வொரு மாதமும் வேறு வேறு உருவம்.

2022ஆம் வருஷம் ஆடிப்பெருக்கு அன்று நான் பெர்லினில் இருந்தேன். மகள் பிரசவத்துக்காகப் போயிருந்தேன். அந்த வருஷம் மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், வழக்கமாக ஜூன் 12. ஆகஸ்டில் காவிரியும் கொள்ளிடமும் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தன. ஊரிலிருந்து போனில் வெள்ளத்தைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நான் நாலாவது மாடியில், கையோடு கொண்டுபோன அச்சுவெல்லத்தைத் தட்டி, ஊறவைத்த பச்சரிசியில் எள்ளும் தேங்காய்க் கீற்றும் போட்டுக் காப்பரிசி கலந்தேன். ஆறு இல்லாமல் ஆடிப்பெருக்கு எனக்கு அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் கதவு தட்டும் சத்தம். மேல்மாடியில் இருக்கும் துருக்கிக்காரப் பெரியம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மனும் தெரியாது, துருக்கியும் தெரியாது. கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். உள்ளே பாயசம் போல ஏதோ இருந்தது. மேலே மாதுளை முத்தும் பட்டைத் தூளும் தூவியிருந்தன. கரண்டி போட்டால் கோதுமை, கொண்டைக்கடலை, வெள்ளை மொச்சை மாதிரி ஒரு பயறு, உலர்ந்த அத்தி, ஆப்ரிகாட். பாயசத்தில் கொண்டைக்கடலையை நான் அதுவரை பார்த்ததில்லை. மகள் விளக்கினாள்: பெயர் அஷூரே. முஹர்ரம் பத்தாம் நாளை ஒட்டிச் செய்வது. வெள்ளம் வடிந்து நோவாவின் பேழை தரை தட்டியபோது, மிச்சம் மீதி இருந்த தானியம், பழம் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் காய்ச்சினார்களாம். அதன் ஞாபகமாகச் செய்து அக்கம்பக்கத்துக் கதவையெல்லாம் தட்டிக் கொடுப்பார்கள். ஊரில் காவிரி வெள்ளமாக ஓடுகிற வாரத்தில், வெள்ளம் வடிந்ததைக் கொண்டாடும் பாயசம் என் கைக்கு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் ரவா லட்டு பிடித்தேன். கிண்ணம் நிறைய வைத்து மாடி ஏறினேன். அந்தப் பெரியம்மா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மகளிடம் நீளமாக ஏதோ சொன்னார். "அவங்க ஊர்லயும் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டாங்களாம்மா. நீ எப்படித் தெரிஞ்சுகிட்டேன்னு கேக்குறாங்க" என்றாள் மகள்.

அவர் ஊரில் ரம்ஜான் பெருநாளுக்கே ஷெக்கர் பைரம் என்று ஒரு பெயர் உண்டு, சர்க்கரைப் பண்டிகை. ஜெர்மன்காரர்களும் அதை அப்படியே மொழிபெயர்த்து சுக்கர்ஃபெஸ்ட் என்கிறார்கள். ஷெக்கர், சுக்கர், சர்க்கரை மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள். இந்தியாவின் 'சர்க்கரா' பாரசீகம், அரபு வழியாக மேற்கே போய் அங்கே ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு விதமாக உருண்டிருக்கிறது.

அதற்கப்புறம் எந்த நாட்டுப் பண்டிகையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் எனக்கு ஒன்றைத்தான் கேட்கத் தோன்றும்: பலகாரம் எந்த வாசலைத் தாண்டுகிறது, பாத்திரம் எப்படித் திரும்புகிறது? யூதர்களின் பூரிம் பண்டிகையில் இது விதியாகவே இருக்கிறது. யூதர்களை அழிவிலிருந்து காத்த எஸ்தர் அரசியின் கதையை நினைத்துக் கொண்டாடும் நாள். அன்று குறைந்தது ஒருவருக்காவது, உடனே சாப்பிடக்கூடிய இரண்டு பண்டங்களை அனுப்பியாகவேண்டும். தின்பண்டக் கூடையைப் பிள்ளைகள் வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் வரிசை வைப்பது. இது தவிர ஏழைகள் இரண்டு பேருக்காவது தனியாகக் கொடுக்கவேண்டும். அனுப்புவது வேறு, கொடுப்பது வேறு என்று அவர்கள் பிரித்து வைத்திருப்பதை நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஜப்பானில் வாங்கிய பரிசுக்குப் பதில் பரிசு தருவது ஆழமான மரபு. பிப்ரவரி 14 அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் தருவதும், சரியாக ஒரு மாதம் கழித்து மார்ச் 14 அன்று ஆண்கள் பதிலுக்கு இனிப்பு தருவதும் அங்கே வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டாவது நாளை 1970களின் கடைசியில் மிட்டாய் வியாபாரிகள்தான் கிளப்பிவிட்டார்கள். வியாபாரம்தான், இருந்தாலும் வாங்கியதைத் திருப்ப ஒரு நாள் வேண்டும் என்று ஜனங்களுக்கும் தோன்றியிருக்கிறது.

சில ஊர்களில் பதிலுக்குப் பண்டம் வேண்டாம், நல்ல வார்த்தை போதும். தஞ்சாவூரை 1676 தொடங்கி 1855 வரை மராட்டியர் ஆண்டார்கள். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இன்றைக்கும் இங்கே இருக்கின்றன. என்னோடு வேலை பார்த்த ஒரு மராத்திக்கார அம்மா, சங்கராந்திக்கு மறுநாள் அலுவலகத்தில் எள்ளுருண்டை தருவார். தரும்போது "திள் குள் க்யா, கோட் கோட் போலா" என்பார். எள்ளும் வெல்லமும் வாங்கிக்கொள், இனிக்க இனிக்கப் பேசு. முந்தின வாரம் சண்டை போட்டவர்களுக்குத்தான் முதல் உருண்டை. சீனாவில் இதையே சாமிக்குச் செய்கிறார்கள். அடுப்படித் தெய்வம் ஒன்று வருஷக் கடைசியில் மேலுலகம் போய், வீட்டில் நடந்ததையெல்லாம் பெரிய தெய்வத்திடம் சொல்லும் என்று நம்பிக்கை. அது கிளம்புகிற நாளில் படத்தின் வாயில் பிசுபிசுப்பான மால்ட் மிட்டாயைத் தடவி அனுப்புவார்கள், வாய் இனித்து நல்லதே சொல்லட்டும் என்று. வாய் ஒட்டிக்கொண்டு பேச முடியாமல் போகட்டும் என்றும் சொல்வதுண்டாம்.

கடலோரமாகத் தரங்கம்பாடிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அரிசி ஞாபகம் வரும். 1620இல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டிய ஊர். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நெல் விளையாத அந்தக் குளிர் தேசத்தில் கிறிஸ்துமஸ் இரவுக்கு அரிசியும் பாலும் போட்டுத்தான் இனிப்பு செய்கிறார்கள். அதற்குள் ஒரே ஒரு முழு பாதாம் இருக்கும். அது யார் தட்டில் வருகிறதோ அவர் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருக்கவேண்டும். மற்றவர்கள் கிண்ணத்தைத் தீர்க்கும் வரை சொல்லக்கூடாது. சொன்னதும் அவருக்குப் பரிசு. வீட்டுப் பரணில் குட்டித் தேவதை ஒன்று இருப்பதாக நினைத்து, அதற்கும் ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சி வெண்ணெயோடு வைக்கிற வழக்கமும் அவர்களிடம் இருந்தது. பொங்கலுக்கு மறுநாள் அக்ரஹாரத்து மாமிகள் ஆற்றங்கரையில் மஞ்சள் இலை விரித்துக் காக்காய்க்கும் குருவிக்கும் கனுப்பிடி வைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் பரணும் தெரிந்த இடமாகத்தான் பட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் சந்தோஷமாகச் சொன்னது. இனிச் சொல்லப்போவது அப்படி இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது பொய்யாகிவிடும்.

தீபாவளி அன்று காலையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புற வாசலில் ஓர் அம்மா வந்து நிற்பார். எங்கள் வயலில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்தவர். அப்பாயியைவிட இரண்டு மூன்று வயதுதான் குறைவு. நாங்கள் குழந்தைகள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம், நீ வா போ என்றுதான் பேசினோம். அவர் எங்களைச் சின்னம்மா, சின்னய்யா என்பார். அப்பாயி உள்ளேயிருந்து பத்து அதிரசம் எண்ணிக்கொண்டு வருவார். அந்த அம்மா முந்தானையை ஏந்துவார். கை கையில் படாத உயரத்திலிருந்து அப்பாயி போடுவார். சூடான அதிரசத்தின் எண்ணெய் புதுப் புடவையில் வட்ட வட்டமாக ஊறும். அந்தப் புடவையும் நாங்கள் எடுத்துக் கொடுத்ததுதான்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ராவுத்தர் வீட்டுக்குச் சம்படத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நான் அதைப் பார்த்து நின்றேன். அந்த அம்மா போனதும் கேட்டேன், "ஏன் அப்பாயி, அதுக்கு மட்டும் சம்படத்துல போட்டுக் குடுக்கல?"

அப்பாயி சாதாரணமாகத்தான் சொன்னார். "சம்படத்துல குடுத்தா திரும்பி வருமேடி."

வெறும் பாத்திரமாக வராது. வெறும் பாத்திரத்தை யாரும் அனுப்பமாட்டார்கள், அந்த அம்மாவும் அனுப்பமாட்டார். அதுதான் பிரச்சினை. அவர் வீட்டிலிருந்து வருவதை எங்கள் வீட்டில் வாயில் வைக்கமாட்டார்கள். அதனால் பாத்திரமே போகக்கூடாது. முந்தானை திரும்பி வராது. அப்பாயி யாரையும் பட்டினி போட்டவர் இல்லை, வாய்க்கு வந்தபடி திட்டியவரும் இல்லை. என்னை வளர்த்தவர் அவர். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் பிரியம் குறையவில்லை. இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதிரசத்துக்கு ஊறப்போட்ட அரிசியின் ஒவ்வொரு மணியும் அந்த அம்மா கைபட்டு வந்தது. அந்தக் கை தொட்ட நெல் பத்தாயத்துக்குள் வரலாம், அந்தக் கை செய்த பலகாரம் கொல்லை வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

பழைய இங்கிலாந்தில் கல்லறைத் திருநாளை ஒட்டி ஏழைகள் வீடு வீடாகப் போவார்கள் என்று படித்தேன். அந்த வீட்டில் இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொன்னால் ஒரு சின்ன கேக் கொடுப்பார்கள். அந்தக் கேக்குக்கே ஆன்மாவின் பெயர்தான். படிக்கும்போது எனக்குக் கொல்லை வாசல்தான் கண்முன் வந்தது. அங்கேயாவது அவர்களுடைய பிரார்த்தனையைப் பதிலாக ஏற்றுக்கொண்டார்கள்.

பூரிமில் அனுப்புவது வேறு, கொடுப்பது வேறு என்று பிரித்திருப்பதைப் பற்றிச் சொன்னேனே, என்னை யோசிக்க வைத்தது இதனால்தான். அனுப்புகிறவர் திரும்பி வருவதற்கும் இடம் வைக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு வாசலில் அனுப்பிக்கொண்டும் இன்னொரு வாசலில் கொடுத்துக்கொண்டும் இருந்தோம். இரண்டையும் ஒரே பெயரில் பண்டிகை என்றோம்.

காரைக்காலில் ஆனி மாதம் நடக்கிற மாங்கனித் திருவிழாவுக்கு ஒரு தடவை போனேன். பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் புனிதவதி சிவனடியாருக்கு எடுத்துப் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து கூட்டத்துக்குள் மாம்பழங்களை வீசுவார்கள். பாத்திரம் கிடையாது, கணக்கு கிடையாது. யார் வீசியது, யார் கைக்குப் போனது என்று எந்தக் கண்ணாலும் பார்த்துச் சொல்ல முடியாது. என் பக்கத்தில் நின்ற பெண் ஒரு பழத்தைப் பிடித்து, தோளில் துடைத்து, ஒரு கடி கடித்துவிட்டு எனக்கு நீட்டினார். வாங்கிக் கடித்தேன். அவர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. சாறு முழங்கை வரை வழிந்தது.

இப்போது தஞ்சாவூர் டவுனுக்கு வந்து இருபது வருஷமாகிறது. தீபாவளிக்கு முன்னால் எங்கள் குடியிருப்பில் எல்லோர் வீட்டுக்கும் ஸ்வீட் பாக்ஸ் வரும். சூர்யகலா, சந்திரகலா, அசோகா எல்லாம் வரும். இந்த ஊரில் நல்ல இனிப்புக்குப் பஞ்சமில்லை, திருவையாற்று அசோகாவுக்கு நான் எப்போதும் அடிமை. ஆனால் அட்டைப்பெட்டிக்குப் பெயர் வெட்ட முடியாது. அது வரும், காலியாகும், குப்பைக்குப் போகும். திருப்பித் தர ஒரு நடை போகவேண்டிய அவசியமே வருவதில்லை. எனக்கு அது பெரிய நஷ்டமாகத்தான் தோன்றுகிறது.

சரி, அலமாரியில் இருக்கிற சம்படத்துக்கு வருகிறேன்.

கொல்லை வாசலில் நின்ற அந்த அம்மாவின் மகள் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிப் புது வீடு கட்டி வந்திருக்கிறார். கடைத்தெருவில் ஒருநாள் பார்த்து, அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். நான் அக்கா என்றேன். அவர் ஒரு நொடி நிறுத்தி, "நல்லா இருக்கியாம்மா" என்றார். போன மாட்டுப் பொங்கல் அன்று வாசல் மணி அடித்தது. திறந்தால் அக்கா நிற்கிறார், கையில் இந்தச் சம்படம். உள்ளே வந்து, கூடத்தில் உட்கார்ந்து, காப்பி குடித்து, அம்மா காலமான கதையைச் சொன்னார். நான் மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து அவர் எதிரிலேயே சாப்பிட்டேன். பச்சைக்கற்பூரம் ஒரு துளி கூடுதல். நெய் நல்ல நெய். அவர் கிளம்பிப் போனபிறகுதான் மூடியில் வெட்டியிருந்த பெயரைப் படித்தேன்.

அது அக்காவின் பெயர் இல்லை. அவர் அம்மாவின் பெயர். எட்டு வயதில் நான் நீ வா போ என்று கூப்பிட்ட பெயர். முன்னால் 'திருமதி' போட்டு, கோணாமல், அழகாக வெட்டியிருந்தது.

கடை இனிப்பைப் போட்டு அந்தப் பாத்திரத்தைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. சித்திரையில் வேப்பம்பூப் பச்சடி வைத்த அன்று எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். ஆடிப்பெருக்கு அன்றும் அப்படித்தான். அதிரசம்தான் போகவேண்டும் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அப்பாயி போனபிறகு நான் பாகு வைத்துப் பழகியதில்லை. போன வாரம் கால் கிலோ அரிசியில் ஒரு தடவை செய்து பார்த்தேன். இளம்பாகாகப் போய் எண்ணெயில் பிரிந்துவிட்டது. நேற்று மறுபடி உட்கார்ந்தேன். போனை எடுத்துத் தூர வைத்துவிட்டு, கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். ஆறாவது சொட்டு உருண்டது, மெத்தென்று இருந்தது. இறக்கிவிட்டேன்.

மாவு பானையில் இருக்கிறது, வேடு கட்டியிருக்கிறேன். நாளை மறுநாள் சுடவேண்டும். சம்படத்தைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, அக்காவுக்குப் போன் செய்தேன். புதன்கிழமை காலையில் வீட்டில் இருப்பீர்களா என்று கேட்டேன்.

"இருப்பேன். எதுக்கு?"

"சம்படம் குடுக்கணும்க்கா."

"அட, அதுக்கா. சம்படத்துக்கு என்ன அவசரம்" என்று சிரித்தார். அப்புறம் கேட்டார், "அதிரசமா?"